பின்வளவில் ஓர் ஆப்பிள் மரம்

ரொறன்ரோ பக்கம் வீடு வாங்கியிருக்கிறீர்களா? பின்வளவில் பழைய ஆப்பிள் மரம் நின்றால் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். ஜனவரியில் பட்டுப்போன விறகு போலத்தான் நிற்கும். சந்தேகமானால் ஒரு சுள்ளியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்தக் குளிர் அதற்கு வேண்டும், பல நூறு மணி நேரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். மே மாதம் இளஞ்சிவப்பு மொட்டுகள் வெள்ளையாய் விரியும்போது தேநீரோடு மரத்தடிக்குப் போங்கள். தேனீ இரைச்சலைக் கேட்டபடி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.

மொட்டு வெடிக்குமுன், மார்ச் மாதத்தில் கவாத்து செய்யுங்கள். ஜூனில் கொத்துக்கு ஒரு பிஞ்சை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனால் பழம் நன்றாகப் பெருக்கும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி மெல்லத் திருகுங்கள்; காம்போடு கழன்று வந்தால் பழுத்துவிட்டது.

புளிப்புக் காய்களை வீணாக்க வேண்டாம். பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வரும். தயிர்ச்சோற்றுக்கு அபாரம்.

முதல் பனி விழுமுன் அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள். முயல்கள் பட்டையைக் கொறித்துவிடும்.