பூட்டு மாறவில்லை

நுழையுமுன்

மாணவர்களே! நாள்தோறும் பழகிய கணினி ஒரு காலைப்பொழுதில் உங்களை உள்ளே விட மறுத்தால் என்ன செய்வீர்கள்? பிலாய் நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு அப்படி ஒரு நிலை ஏற்பட்டதாகக் கொண்டு இப்பாடம் அமைந்துள்ளது. அவர்கள் எங்கே அவசரப்பட்டனர், எங்கே நிதானித்தனர் என்பதைக் குறித்துக்கொண்டே படியுங்கள்.

மறுக்கப்பட்ட சொல்

எட்டாம் வகுப்பில் படிக்கும் அக்கா, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தம்பி, அப்பா, அம்மா ஆகிய நால்வருக்கும் வீட்டில் ஒரே மடிக்கணினிதான் இருந்தது. அதில் விலைமதிப்பற்ற ஒரு கோப்புறை இருந்தது. சென்ற கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் சென்றிருந்தபோது, ஆச்சி சொன்ன சொலவடைகளையும் விடுகதைகளையும் அக்கா கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்திருந்தாள். ஊர் திரும்பியதும் அவற்றைக் கணினிக்கு மாற்றினாள். புரட்டாசியில் ஆச்சி காலமானார். அதற்கு முன்பே அந்தக் கைப்பேசியும் பழுதாகிவிட்டது. ஆகவே, ஆச்சியின் குரல் எஞ்சியிருந்த ஒரே இடம் அந்தக் கணினிதான்.

பள்ளியின் தமிழ்ச் செயல்திட்டத்திற்காக அந்தச் சொலவடைகளை எழுத்தில் வடிக்க அக்கா விரும்பினாள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கணினியில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்தாள். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு இரண்டு பக்கங்கள் தட்டச்சு செய்தாள். தூக்கம் வரவே, கணினியை அப்படியே மூடிவைத்தாள்.

மறுநாள் காலையில் அப்பா கணினியைத் திறந்தார். வழக்கமான கடவுச்சொல்லைத் தட்டினார். 'கடவுச்சொல் தவறு' என்னும் செய்தி திரையில் தோன்றியது. மீண்டும் தட்டினார், மீண்டும் அதே செய்தி. அம்மாவும் முயன்றார்; பயனில்லை.

"நேற்று இரவு நீதானே கடைசியாக வைத்திருந்தாய்? கடவுச்சொல்லை மாற்றினாயா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை அப்பா, நான் எதையும் மாற்றவில்லை" என்றாள் அக்கா. அவள் கண்கள் கலங்கின.

அப்பா, பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். "கொண்டு வாருங்கள். உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவித் தருகிறேன். மாலைக்குள் முடிந்துவிடும்" என்று அவர் இந்தியில் கூறினார். அப்பா கணினியைப் பையில் வைக்கத் தொடங்கினார்.

"அப்பா, அதில் ஆச்சி இருக்கிறார்கள்!" என்றாள் அக்கா.

அப்பாவின் கை நின்றது. ஆச்சி அவரைப் பெற்ற தாய் அல்லவா? அவர் கணினியை மீண்டும் மேசைமேல் வைத்தார். "சரி, மாலை வரை பார்ப்போம்" என்றார்.

கண் குறி காட்டிய உண்மை

கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எழுத்துகள் தெரிவதில்லை, புள்ளிகளே தெரியும். அருகில் நிற்பவர் படித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால், தட்டுபவருக்கும் தம் பிழை தெரியாமல் போகிறது. இதற்காகவே அந்தக் கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற ஒரு குறி உண்டு. அதை அழுத்தினால் புள்ளிகள் எழுத்துகளாக மாறும்.

அக்கா மெதுவாகக் கடவுச்சொல்லைத் தட்டினாள். பக்கத்தில் நின்ற தம்பி விளையாட்டாக அந்தக் கண் குறியை அழுத்தினான்.

"அக்கா, முதல் எழுத்து 'ர' என்று இருக்கிறதே!" என்றான்.

எல்லாரும் குனிந்து பார்த்தனர். ஆங்கில எழுத்தாகிய 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் 'ர' நின்றது. அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. திரையின் கீழ் மூலையில் விசைப்பலகையின் மொழியைக் காட்டும் சிறு அடையாளம் இருந்தது. அது தமிழைக் காட்டியது. விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினாள். மொழி ஆங்கிலமாக மாறியது. கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, அதே கடவுச்சொல்லை மறுபடியும் தட்டினாள். கணினி திறந்தது.

பூட்டும் மாறவில்லை, சாவியும் தொலையவில்லை. விரல்கள் சரியான விசைகளையே தட்டின. ஆனால், கணினி அவற்றை வேறொரு மொழியில் படித்துக்கொண்டிருந்தது.

ஏன் இவ்வாறு நிகழ்ந்தது?

விசைப்பலகையில் உள்ள விசைக்குத் தனக்கென ஓர் எழுத்து கிடையாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அது கணினிக்குத் தெரிவிக்கும். அது எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது, அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் விசைப்பலகை அமைப்பே ஆகும்.

தமிழ் 99 என்னும் அமைப்பு, 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவானது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும், மெய்களுக்குரிய விசைகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. அ, இ, உ, எ என்னும் குறில்கள் நடுவரிசையில் உள்ளன. ஆ, ஈ, ஊ, ஏ என்னும் நெடில்கள் அவற்றிற்கு மேல்வரிசையில் உள்ளன. ஆங்கில 'எச்' விசை இதில் 'க' ஆகும். 'கே' விசை 'ம' ஆகும். 'எம்' விசை 'ர' ஆகும். ஆகவே, தமிழ் அமைப்பில் இருக்கும்போது ஆங்கிலக் கடவுச்சொல்லைத் தட்டினால், முற்றிலும் வேறான ஓர் எழுத்துவரிசையே கணினிக்குச் சென்று சேரும்.

கடைக்காரரால் ஏன் சொல்ல முடியாது?

"கணினிக்குள்தானே கடவுச்சொல் இருக்கிறது? அதைப் படித்துச் சொல்ல முடியாதா?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைப் பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞர் தம் குழுவினருடன் உருவாக்கினார். ஒருவருடைய கோப்புகளை மற்றொருவர் திறக்காதிருக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் அளிக்கப்பட்டது. அச்சொற்கள் உள்ளபடியே ஒரு கோப்பில் சேமிக்கப்பட்டன. 1966இல் அக்கோப்பும், நுழைவோருக்கான அன்றைய அறிவிப்புக் கோப்பும் தவறுதலாக இடம் மாறிவிட்டன. அதனால், கணினிக்குள் நுழைந்தவர்கள் அனைவரும் எல்லாருடைய கடவுச்சொற்களையும் கண்டனர்!

இன்றைய கணினிகள் கடவுச்சொல்லை உள்ளபடியே வைத்திருப்பதில்லை. அதைக் கணித முறையில் வேறோர் உருவாக மாற்றி, அவ்வுருவையே சேமிக்கின்றன. அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாததுபோல, அவ்வுருவிலிருந்து சொல்லை நேரே மீட்க இயலாது. நாம் தட்டும் சொல்லையும் கணினி அதே முறையில் மாற்றி, இரண்டு உருவங்களையும் ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் ஒப்புமை கிட்டாது. மறந்த கடவுச்சொல்லை மாற்றி அமைக்கலாமே தவிர, கணினியிடம் கேட்டுப் பெற முடியாததற்கு இதுவே காரணம்.

கதவு திறக்காதபோது

பின்வரும் வரிசையில் செயல்படுக. இழப்பு இல்லாத வழிகள் முதலிலும், இழப்பு தரும் வழி இறுதியிலும் உள்ளன.

1. மீண்டும் மீண்டும் தட்டாதீர்கள். பலமுறை தவறினால், சில கணினிகள் சிறிது நேரம் காத்திருக்கச் செய்யும்.
2. கேப்ஸ் லாக் விசை இயங்குகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. எண்களைத் தனி எண்பலகையில் தட்டுபவர்கள் நம் லாக் விசையையும் கவனிக்க வேண்டும்.
3. விசைப்பலகையின் மொழியைப் பாருங்கள். கண் குறியை அழுத்தி, தட்டியதைப் படித்துப் பாருங்கள்.
4. திரையில் உள்ள பயனர் பெயர் உங்களுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள்.
5. உண்மையிலேயே மறந்திருந்தால், கணக்கின் வகையை அறியுங்கள். இணையத்தோடு இணைந்த கணக்கு எனில், வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அந்த நிறுவனத்தின் தளத்திற்குச் சென்று கடவுச்சொல்லை மாற்றலாம்; முன்பே பதிவுசெய்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வரும். அக்குறியீட்டை வேறு எவரிடமும் சொல்லக் கூடாது. கணினிக்குள் மட்டும் உள்ள கணக்கு எனில், முன்பே அமைத்த பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடையளித்து மாற்றலாம்.
6. வட்டு மறையாக்கம் செய்யப்பட்ட விண்டோஸ் கணினி, சில நேரங்களில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அதைப் பெரியவர்கள் முன்கூட்டியே பாதுகாத்து வைக்க வேண்டும்.
7. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது கடைசி வழி. அதற்கு முன், உள்ளே இருப்பவற்றின் படி வேறெங்கேனும் உள்ளதா என்று கேளுங்கள்.

மாலையில்

அன்று மாலை அப்பா கடைக்குச் சென்றார். ஆனால், கணினியைக் கொண்டுசெல்லவில்லை. ஒரு பென்டிரைவ் வாங்கிவந்தார். ஆச்சியின் ஒலிப்பதிவுகள் அனைத்தையும் அதில் படியெடுத்தனர். மற்றொரு படியைச் சென்னையில் உள்ள அத்தைக்கு அனுப்பினர்.

"காலையில் உன்மேல் ஐயப்பட்டுவிட்டேன், அம்மா" என்றார் அப்பா.

அக்கா புன்னகை செய்தாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து எழுதுவதற்காக ஒலிப்பதிவை இயக்கினாள். "ஏட்டி, கேக்கியா?" என்று ஆச்சியின் குரல் கூடத்தில் ஒலித்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தார்.

அருஞ்சொற்பொருள்

ஆச்சி – பாட்டி (நெல்லை வழக்கு)
ஏட்டி – பெண்பிள்ளைகளை உரிமையோடு அழைக்கும் நெல்லை வட்டாரச் சொல்
கேக்கியா – கேட்கிறாயா
சொலவடை – மக்கள் பேச்சில் வழங்கும் பழமொழி
கோப்புறை – கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்
மறையாக்கம் – பிறர் படிக்க இயலாதவாறு தகவலை மாற்றுதல்

மொழி அறிவோம்

1. 'கடவு' என்பது வழியைக் குறிக்கும். கடவு + சொல் = கடவுச்சொல்; உள்ளே செல்ல வழிவிடும் சொல் என்பது பொருள். கடவுச்சீட்டு என்பதும் இவ்வாறு அமைந்ததே.

2. 'மடிக்கணினி' என்பதில் உள்ள 'மடி' எது? மடக்குதலைக் குறிக்கும் வினையா, அம்மா மடி என்பதில் வரும் பெயரா? வினைத்தொகையில் வல்லினம் மிகாது (சுடுசோறு, ஊறுகாய்). இங்கே 'க்' மிகுந்துள்ளது. எனவே, இது பெயரே. மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணினி என விரியும்.

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஆச்சியின் குரல் கணினியில் மட்டும் எஞ்சியிருந்தது ஏன்?
2. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகள் தோன்றுவதன் நோக்கம் என்ன?
3. மறந்த கடவுச்சொல்லைக் கணினியிடம் கேட்டுப் பெற முடியாது. காரணம் கூறுக.

ஆ. சிந்தித்து எழுதுக.
1. அக்காவின்மேல் அப்பா ஐயுற்றது சரியா? உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
2. 'பூட்டு மாறவில்லை' என்னும் தலைப்பின் பொருத்தத்தை விளக்குக.

இ. சேர்த்து எழுதுக.
விசை + பலகை = ……
மீட்பு + திறவுகோல் = ……
பயன்பாடு + கருவி = ……

ஈ. செயல்பாடு
உங்கள் ஊரில் உள்ள தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவரிடம் பேசி, அவர் சொல்லும் சொலவடை ஒன்றை ஒலிப்பதிவு செய்க. அதை அவர் சொன்னவாறே எழுதி, கீழே எழுத்துவழக்கிலும் எழுதுக. ஒலிப்பதிவை இரண்டு இடங்களில் சேமித்து, அவ்விடங்களைக் குறிப்பிடுக.

நினைவில் கொள்க: இந்நூலின் எந்தப் பக்கத்திலும் உங்கள் உண்மையான கடவுச்சொல்லை எழுதாதீர்கள்.