பிள்ளை கணக்கில் மட்டும் நெட் வரலையா?

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள வாளையார் பக்கம் பல வீடுகளில் ஒரே லேப்டாப்தான். பெரியவர்களுக்கு அட்மின் கணக்கு, பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடுள்ள கணக்கு. பிள்ளை பக்கம் நெட் நின்றால்:

1. முதலில் அட்மின் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கும் வராவிட்டால் கோளாறு இணைப்பில்தான். போன் ஹாட்ஸ்பாட் என்றால் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். எல்லையில் கேரள சிம் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டால், ரோமிங் இல்லாமல் டேட்டா வராமல் போகலாம்.

2. அட்மின் கணக்கில் நெட் வருகிறது, லேப்டாப்பில் இருப்பது உபுண்டுவா? (கேரள அரசுப் பள்ளிகளின் கைட் லினக்ஸும் அதன் வழி வந்ததுதான்.) அட்மின் கணக்கில், வைஃபை செட்டிங்கில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி, மற்ற பயனர்களுக்கும் அனுமதி தரும் கட்டத்தில் டிக் போடுங்கள். போடாவிட்டால் அந்த இணைப்பு சேமித்தவரோடு நின்றுவிடும்.

3. விண்டோஸில், பிள்ளை கணக்கின் ப்ராக்ஸி செட்டிங்கைப் பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் அணையுங்கள். இந்த செட்டிங் கணக்குக்குக் கணக்கு தனி.

4. குரோம் மட்டும் திறக்கவில்லையா? எட்ஜில் முயலுங்கள். மைக்ரோசாப்ட் ஃபேமிலி சேஃப்டியில் வடிகட்டி போட்டால் மற்ற பிரவுசர்கள் தடைபடும்.

5. எதுவும் பலிக்காவிட்டாலும், அவசரத்துக்குப் பிள்ளை கணக்கை அட்மினாக மாற்றாதீர்கள். உள்ளே வரும் வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும்.