புல்வெட்டும் மிஷினும் மரத்துப்போகும் விரல்களும்

மாணவர்களே, பாடாங் செராய் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போன ஒன்று. சாலையோரத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் யாராவது புல்வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்வார். அவர் உங்கள் அப்பாவாகவோ மாமாவாகவோகூட இருக்கலாம். மாலையில் வீடு திரும்பியதும், “கை மரத்துப் போச்சு” என்று அவர் உதறிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா?

மிஷினின் எடை மட்டும் இதற்குக் காரணமல்ல, அதிர்வும் காரணம். இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், அதிர்வெண் விநாடிக்கு 100. அந்த நடுக்கம் கைப்பிடி வழியாக விரல்களில் இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதடைகின்றன. முற்றிய நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் திரும்பச் சரியாவதில்லை.

அமெரிக்காவின் பெட்ஃபோர்ட் நகரச் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழந்தன. நம் நாட்டிலோ அந்தக் குளிர் இல்லை. இங்கே விரல் வெளுப்பது அரிது. மரத்துப்போதலும் குறுகுறுப்பும்தான் தெரியும். அதனால்தான் “வயசாகுது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. அதிர்வை முடுக்கத்தால் அளப்பார்கள். நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையில் அது 2.5 மீட்டர்/விநாடி² அளவை எட்டினால், முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதிர்வு இரட்டிப்பானால் நேரம் பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, கால்பங்காகிவிடும்! முடுக்கத்தின் வர்க்கம்தான் கணக்கில் வருகிறது. 5 என்றால் 2 மணி நேரம். 10 என்றால் வெறும் 30 நிமிடம்.

ஆகவே அதிர்வைச் சிறிது குறைத்தாலும் பலன் பெரிது. வளைந்த, ஒருபக்கம் தேய்ந்த கத்தி சமநிலை இழந்து கூடுதலாக ஆட்டும். உடனே மாற்ற வேண்டும். கைப்பிடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தாலும் அப்படியே. பிடியை இறுக்கினால் அதிர்வு அதிகமாகக் கைக்குள் போகும். தோள்பட்டை வாரைச் சரியாக மாட்டினால் எடை உடம்பில் இறங்கும். கை மிஷினைத் திருப்பினால் போதும். (வாரே இல்லாமல் வெட்டுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்!) இடையிடையே ஓய்வும் வேண்டும்.

இன்று மாலை அவரைக் கண்ணை மூடிக்கொண்டு 10 சென், 50 சென் காசுகளைத் தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இது மருத்துவப் பரிசோதனை அல்ல. ஆனாலும் தடுமாறினால், அல்லது இரவிலும் விரல்கள் மரத்துப்போனால், கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். எத்தனை வருடமாக மிஷின் பிடிக்கிறார் என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.