கூட்டத்தின் சத்தத்தைத் தள்ளிவிடாதே

புதுக்கோட்டை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் நலமும் உன் புதுக் கிட்டாரின் நலமும் அறிய ஆவல்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது என் பழைய கேசட் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். நாலைந்து நிமிடம் கேட்டாய். "கூட்டத்துச் சத்தமா இருக்கே பெரியப்பா, ஸ்டூடியோவுல பதிஞ்சது இல்லையா? அதுதான் சுத்தமா இருக்கும்" என்றாய். அதற்குள் அப்பத்தா சாப்பிடக் கூப்பிட, பேச்சு அப்படியே நின்றுபோனது. பள்ளியில் தோழிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பேண்ட் தொடங்கப்போகிறாய் என்று உன் அப்பா நேற்று சொன்னான். அன்று விட்ட பதிலை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். சின்ன வயதில் உன்னைக் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் வரிவரியாக எழுத்துகளைப் பார்த்து, "இது என்ன கணக்கா?" என்று கேட்டாய். அது இசை. ஏழு பண்களுக்கான சுரங்களை நான்கு நான்காகக் கோத்து, பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகளாக வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பலருடைய கணிப்பு. உருத்திராசாரியர் என்பவரின் மாணவனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதன் முடிவிலேயே குறிப்பு இருக்கிறது. பாடத்தைப் பாறையில் எழுதி வைத்த அந்த அக்கறையை நினைத்து நான் எத்தனையோ முறை அங்கே நின்றிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பாறை நமக்குத் தராத ஒன்று உண்டு. எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் என்று அது சொல்லும். அதை வாசித்தவர் எங்கே தயங்கினார், பக்கத்தில் இருந்தவர் எங்கே கை கொடுத்தார், எதிரில் இருந்தவர்கள் எந்த இடத்தில் தலையசைத்தார்கள் என்று சொல்லாது. சுரம் கல்லில் தங்கிவிட்டது. ஒருவரை ஒருவர் கேட்டது காற்றோடு போய்விட்டது. நேரடிக் கச்சேரிப் பதிவு காப்பாற்றிக் கொடுப்பது அந்தக் கேட்டலைத்தான்.

இப்போது அந்தக் கேசட்டுக்கு வருகிறேன். அதன் பெயர் 'டெசர்ட் ரெய்ன்'. வாசித்தவர்கள் டெல்லியைச் சேர்ந்த 'இந்தியன் ஓஷன்' குழுவினர். சுஸ்மித் சென் கிட்டார், அசீம் சக்கரவர்த்தி தபலாவும் குரலும், ராகுல் ராம் பேஸ் கிட்டாரும் குரலும், அமித் கிலாம் டிரம்ஸ். 1997 ஜனவரி 1 அன்று டெல்லியில் மண்டி ஹவுஸ் பகுதியில் நடந்த கச்சேரியின் பதிவு அது.

அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1989 ஜனவரி 1 அன்று, டெல்லியை அடுத்த ஜண்டாபூரில் தொழிலாளர்களுக்காகத் தெருநாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டார், மறுநாள் இறந்தார். வயது 34. அவர் பெயரில் கலைஞர்கள் தொடங்கிய அமைப்புதான் 'சஹ்மத்'. ஆண்டுதோறும் அதே ஜனவரி 1-இல் பாடியும் ஆடியும் அவரை நினைவுகூர்கிறார்கள். 'டெசர்ட் ரெய்ன்' அப்படி ஒரு நாளில் பிறந்தது. அன்று கேட்க வந்தவர்கள், டெல்லியின் ஜனவரிக் குளிரில் ஒரு மனிதனை மறக்கக் கூடாது என்று கூடியவர்கள். நீ தள்ளிவிட்டுக் கேட்க நினைத்தது அந்தக் கூட்டத்தின் சத்தத்தை, மகளே.

இந்த இசைக்கு என்ன பெயர் என்று நீ கேட்கலாம். ஆல்டர்நேட்டிவ் ராக் என்பது, பெரிய கம்பெனிகளின் அச்சில் அடங்காத ராக் இசைக்கு வந்த பெயர். இந்தியன் ஓஷன் இசையை ஃப்யூஷன் என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் அச்சில் அடங்காதது என்பது இவர்களுக்குப் பொருந்தும். அந்த ஆல்பத்தில் சொற்கள் குறைவு, வாசிப்பு அதிகம். சம்மணமிட்டு உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடுகிறவர் ஒருவர். அவரோடு சேர்ந்து டிரம்ஸ் வாசிப்பவர் இன்னொருவர். இரண்டு தாளக்காரர்கள் மோதிக்கொள்ளாமல் எப்படி ஓடுகிறார்கள் என்று கவனி. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை நம் ஊர்க்காரர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பேரெடுத்தவர். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஒரு கணக்கைப் போட்டு நிறுத்தும். கஞ்சிரா அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். வாங்கத் தெரியாதவரால் கொடுக்க முடியாது. டெல்லி மேடையில் தபலாவும் டிரம்ஸும் செய்வதும் அந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிவார்கள். டிரம்ஸ் ஒரு நாள், கிட்டார் இன்னொரு நாள் என்றும் நடக்கும். பிசகினால் அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசித்து ஒட்டலாம். அதுவும் ஒரு கலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மேடையில் டிரம்ஸின் சத்தம் பாடுகிறவரின் மைக்கிலும் விழும். கிட்டார் தபலாவின் மைக்கிலும் கேட்கும். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்துவது கடினம். ஒருவர் தவறினால் மற்றவர்கள் அந்தக் கணத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் காதில் ஒருவர் விழுந்துகொண்டே இருப்பதுதான் நேரடிப் பதிவின் உயிர்.

இன்னொரு பதிவையும் உனக்குச் சொல்ல வேண்டும். 'நிர்வாணா' என்ற அமெரிக்கக் குழு, 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் சோனி ஸ்டூடியோவில் எம்டிவி நிகழ்ச்சிக்காக ரசிகர்கள் முன்னால் வாசித்தது. பாடகர் கர்ட் கோபேன், வாஷிங்டன் மாநிலத்தில் அபர்டீன் என்ற மரத்தொழில் ஊரில் பிறந்தவர். பெரிய ஊரில் பிறந்தால்தான் பெரிய இசை வரும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் அந்த ஊரை நினைத்துக்கொள்.

காது கிழியும் இரைச்சலுக்குப் பேர்போன குழு அது. அன்றைக்கு அக்கூஸ்டிக் கிட்டாரும் ஒரு செல்லோவுமாக உட்கார்ந்தார்கள். மேடையில் அல்லிப் பூக்களும் கறுப்பு மெழுகுவர்த்திகளும் வேண்டும் என்று கோபேனே கேட்டு வாங்கினார். 14 பாட்டு, எதையும் இரண்டாவது முறை எடுக்கவில்லை. தங்களைப் பிரபலமாக்கிய பாட்டை ரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று தெரிந்தும் அதை விட்டுவிட்டார்கள். 14-இல் ஆறு, பிறருடைய பாட்டு. அதில் மூன்று 'மீட் பப்பெட்ஸ்' குழுவுடையது. அந்தக் குழுவின் சகோதரர்கள் இருவரையும் மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். தனக்குக் கிடைத்த மேடையில் தான் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இடம் கொடுப்பது எவ்வளவு பெரிய மனசு!

அதில் நீ டேவ் குரோலைக் கவனிக்க வேண்டும். டிரம்ஸை இடிபோல அடிக்கிறவர். அன்று தூரிகைபோன்ற பிரஷ்களால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார். குரல் மெலிந்தால் அவர் கை மேலும் தணிகிறது. பலம் உள்ளவர் அடக்கிக்கொண்டு பக்கத்தில் உள்ளவரைக் கேட்கிறார். கடைசியாக, லெட் பெல்லி என்ற பாடகர் பாடிப் பரவிய ஒரு பழைய நாட்டுப்பாடல். அதன் முடிவில் கோபேனின் குரல் உடைந்து உயர்கிறது, ஒரு மூச்சு அளவுக்கு நிற்கிறார், பிறகு முடிக்கிறார். அதற்குமேல் ஒரு பாட்டு கேட்டார்கள். அவர் பாடவில்லை.

அடுத்த ஏப்ரலில் கோபேன் இறந்துபோனார். வயது 27. ஆல்பம் 1994 நவம்பரில் வந்தது. அதனால் பலரும் அதை ஒரு சாவின் முன்னறிவிப்பாகவே கேட்கிறார்கள். நீ அப்படிக் கேட்காதே. அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஒரு மனிதன் உயிரோடு பாடுவதைத்தான் கேட்டார்கள். அவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படிக் கேட்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

எப்படிக் கேட்பது என்றால், முதல் முறை எதையும் தள்ளாமல் தொடக்கம் முதல் கடைசிவரை கேள். இரண்டாவது முறை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து போ. மற்றவர்கள் கால் ஊன்றியிருப்பது அதன்மேல்தான் என்று தெரியும். மூன்றாவது முறை தாளக் கருவிகள். நாலாவது முறை கூட்டத்தை மட்டும் கேள். எந்த இடத்தில் கைதட்டுகிறார்கள்? எந்த இடத்தில் இருமல்கூட இல்லாமல் அடங்கிவிடுகிறார்கள்? அப்படி அடங்கும்போது வாசிப்பவர்கள் அதை வாங்கிக்கொண்டு என்ன செய்கிறார்கள்? அந்த நாலாவது முறையில்தான் எனக்கு 'டெசர்ட் ரெய்ன்' திறந்துகொண்டது.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். நீங்கள் நாலு பேரும் ஒரு பாட்டைப் பழகியதும், போனை நடுவில் வைத்துப் பதிவை ஓடவிடுங்கள். யாருக்காவது தவறினாலும் நிறுத்தாமல் முடிவுவரை வாசியுங்கள். தெருவில் ஐஸ் வண்டி போனாலும், உன் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலும் இருக்கட்டும். அதை எதுவும் வெட்டாமல் எனக்கு அனுப்பு. முக்கியமாக, நீங்கள் தவறிய இடத்தை அழித்துவிடாதே. அந்த இடத்தில் யார் யாரைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா