நாளுக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து வினை



தில்லிக்கும் மும்பைக்கும் குடிவந்த நம்மவர்கள் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவார்கள், செய்தித்தாள் படிப்பார்கள். எதிரே இருப்பவர் வேகமாகப் பேசும்போதுதான் தடுமாறுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புத் தமிழர் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களிடம் நான் கண்ட முக்கியக் காரணம் இதுதான்: நாம் புத்தகத்தில் படித்தது 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'இன்வெஸ்டிகேட்'. பேச்சில் வருவதோ 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'லுக் இன்டு'.

இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர். ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்' போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும். சிறு சொல்தானே என்று அலட்சியம் செய்ய முடியாது. இன்டர்வியூவை 'புட் ஆஃப்' செய்துவிட்டார்கள் என்றால் வேறு நாளுக்கு மாற்றியிருக்கிறார்கள், காத்திருக்கலாம். 'கால் ஆஃப்' என்றால் ரத்து. வேறு இடம் தேட வேண்டியதுதான்.

இந்த வழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. 'தள்ளிப்போடு' என்னும்போது எதையும் கையால் தள்ளுவதில்லை. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. அதேபோல 'லுக்' வேறு, 'லுக் ஆஃப்டர்' வேறு. ஆகவே சொல்லைப் பிரித்துப் பொருள் தேடாமல், முழுவதையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு, பொருத்தமான தமிழ் வினையோடு ஜோடி சேர்த்து மனத்தில் இருத்துங்கள். 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'ஃபைண்ட் அவுட்' என்றால் கண்டுபிடி.

பயிற்சி முறை இதுதான். வாரத்துக்கு ஒரு வினை. முதல் வாரம் 'புட்'.

திங்கள்: புட் ஆன் – போட்டுக்கொள்
செவ்வாய்: புட் ஆஃப் – தள்ளிப்போடு
புதன்: புட் அவே – எடுத்துவை
வியாழன்: புட் அவுட் – (தீயை) அணை
வெள்ளி: புட் அப் வித் – பொறுத்துக்கொள்

முதல் 3 நிமிடம் நோட்டை மூடிவைத்து, முந்தைய பாடத்தை நினைவிலிருந்து சொல்லுங்கள். பார்த்துப் படிப்பதைவிட இப்படி நினைவுகூர்வதே நன்றாகப் பதியும். அடுத்த 4 நிமிடம் அன்றைய சொல்லை வைத்து, வீட்டு விஷயத்தைப் பற்றியே மூன்று வாக்கியம் எழுதுங்கள். 'ஐ கான்ட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்' – இந்த இரைச்சலை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடைசி 3 நிமிடம் அவற்றை உரக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஐந்தையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு ஓய்வு. அடுத்து 'லுக்', 'டர்ன்', 'கெட்' என்று போனால் 4 வாரத்தில் 20 வினைகள் கைவசமாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். 'புட் ஆஃப்' போன்றவற்றில் 'இட்', 'தெம்' என்ற சுட்டுச்சொற்கள் நடுவில்தான் வரும். 'புட் இட் ஆஃப்' சரி. 'புட் ஆஃப் இட்' தவறு. ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றே சொல்ல வேண்டும். அடுத்தது, நம் நாட்டு வழக்கு. கல்லூரியிலிருந்து 'பாஸ் அவுட்' ஆனேன் என்று இங்கே சொன்னால் புரியும். வெளிநாட்டவர் பலர் நீங்கள் கல்லூரியில் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள்! 'கோப் அப் வித்' என்பதும் பிழை. 'கோப் வித்' போதும்.

இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். இங்கே வளரும் பிள்ளைக்கு 'லுக் ஆஃப்டர்' சுலபமாக வரும்; 'பார்த்துக்கொள்' என்பது வாயில் வராமல் தயங்கும். பிள்ளை ஆங்கிலத்தைச் சொல்ல, நீங்கள் தமிழைச் சொல்லுங்கள், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று பிள்ளை முன்னால் வாய் திறக்கக் கூசும் தாய்மார்களை நான் அறிவேன். இந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் மாணவி மட்டுமல்ல, ஆசிரியையும்கூட. ஆங்கிலம் வருவதற்காகத் தமிழை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதைப் பிள்ளையும் கண்கூடாகப் பார்க்கும்.

இனி உங்கள் முறை. இவற்றுக்கு ஏற்ற தமிழ் வினைகளை எழுதுங்கள்: 1. டர்ன் டவுன் 2. லுக் இன்டு 3. கெட் ஆன் வித் 4. கேரி ஆன்.

விடைகள்: 1. மறுத்துவிடு 2. விசாரித்துப் பார் 3. ஒத்துப்போ 4. தொடர்ந்து செய்.