கருவேலங்காட்டில் டிராக்டர் இறங்கும் முன்: அடிப்பக்கத்தைக் காக்கும் வழிமுறை

பானெட்டில் கீறல் விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். டிராக்டரின் அடிப்பக்கத்தில் விழும் அடி அப்படித் தெரியாது. ஆயில் சம்ப்பின் டிரெயின் போல்ட்டை ஒரு கருவேலங்கட்டை உரசிவிட்டுப் போகும். ஆயில் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இன்ஜின் சத்தம் மாறும்போதுதான் விஷயம் புரியும். அதற்குள் பேரிங் தேய்ந்து கிராங்க் வரை போயிருக்கும். சில நூறு ரூபாய் சாமானைக் காக்காமல் விட்டு இன்ஜினையே இறக்கிக் கட்டும் நிலை, தரிசு திருத்தும் ஊர்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் சீமைக் கருவேலம் மண்டிய நிலங்களைப் பலர் மீட்டு உழவுக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் மரத்தை வெட்டியதும் நிலம் தயாராகிவிட்டதென்று கொத்துக் கலப்பையை மாட்டிக்கொண்டு இறங்குவதில்தான் ஆபத்து. இந்தக் கட்டுரை அந்த நிலத்தை மனதில் வைத்து எழுதியது. பாறைத் தரை, ஆற்றோரக் கூழாங்கல் நிலம், மலையடிவாரத் தோட்டம் என எங்கும் இதே முறை செல்லும்.

அடியில் தகடு அடித்துவிட்டால் போதும் என்று நேரே வெல்டிங் பட்டறைக்குப் போகிறவர்கள் உண்டு. என் கருத்தில் தகடு மூன்றாவது வேலை. முதல் வேலை நிலத்தில் இருக்கிறது. இரண்டாவது, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது.

நிலத்தை நடந்து பாருங்கள்

கருவேல மரத்தை அரிவாளால் வெட்டினால் வெட்டு சாய்வாகத்தான் விழும். தரையிலிருந்து முக்கால் அடி, ஒரு அடி உயரத்தில் ஈட்டி முனைபோல ஒரு கட்டை நிற்கும். வேர் உள்ளே உயிரோடு இருப்பதால் அது அசையாது. இரண்டு மழை பெய்தால் சுற்றிலும் தளிர்த்து, கட்டை கண்ணுக்கு மறைந்துவிடும். டயர், சம்ப், ஹோஸ் மூன்றுக்கும் இதைவிட மோசமான எதிரி இல்லை. வெட்டும் ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: தூரோடு பெயர்க்க முடிந்ததைப் பெயர்க்க வேண்டும், முடியாததை மரம் அறுக்கும் மிஷினால் தரைமட்டத்துக்குப் படுக்கையாக அறுக்க வேண்டும். பெரிய தூர்களுக்கு ஜே.சி.பி. வாடகை பிடிப்பது டிராக்டரை ரிப்பேருக்கு விடுவதைவிட மலிவு. வேளாண்மைப் பொறியியல் துறையும் புல்டோசர், மண் தோண்டும் இயந்திரங்களை மணிக்கணக்கு வாடகைக்குத் தருகிறது. உங்கள் பகுதிக்கான உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தூரை டிராக்டராலேயே இழுக்க நினைத்தால் ஒன்றை மறக்கக் கூடாது. சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில் மட்டும்தான் மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்க் கொக்கியிலோ பின் ஆக்சிலைச் சுற்றியோ கட்டி இழுத்தால், தூர் அசையாதபோது முன்சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாகக் கவிழும். அது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். கிளட்சை மிதிக்கவும் அவகாசம் இருக்காது.

புல் முளைக்கும் முன், சித்திரை வைகாசியிலேயே நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பாருங்கள். மிச்சமிருக்கும் கட்டை, பாறை முனை, பழைய வேலிக் கல்தூணின் உடைந்த அடி, கைவிட்ட போர் குழாய் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஆளுயரக் குச்சி ஊன்றி ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். சுண்ணாம்பு அடையாளம் ஒரு மழைக்குத் தாங்காது. பழைய கிணற்று மேடு இருந்தால் அதைச் சுற்றிப் பத்தடி கூடுதலாகப் பாருங்கள். தோண்டிய கல் அங்கேதான் புதைந்து கிடக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையைக் கொடுக்காதீர்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் கனமான மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் இறக்கிய பிறகே உள்ளே போங்கள்.

நம் ஊரில் ஓடும் 35 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டர்களின் தரை இடைவெளி பெரும்பாலும் 35 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கும். கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை நம்பி நிற்காமல் நீங்களே அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள். முன் ஆக்சிலின் நடு, சம்ப்பின் அடி, கியர் பாக்ஸ் அடி, டிராபார் தாங்கி ஆகிய நான்கு இடங்கள் போதும். டயர் தேய்ந்திருந்தால் அளவு குறையும். பல வண்டிகளில் மிகத் தாழ்ந்த இடம் சம்ப் இல்லை, டிராபார் தாங்கிதான் என்பது அளந்தவுடன் தெரியும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் ஆக்சிலின் கிரவுன் ஹவுசிங் தாழ்ந்து தொங்கும்; அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

அளந்த கையோடு, எதெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். சம்ப்பின் டிரெயின் போல்ட், பவர் ஸ்டியரிங் ஹோஸ், டை ராடு, கிளட்ச் ராடு, பிரேக் ராடு, டீசல் குழாய், ஹைட்ராலிக் ஆயில் இழுக்கும் குழாய், ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயர், ட்யூப் வால்வு. சேதம் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சாமான்களில்தான் தொடங்குகிறது. வார்ப்பிரும்பு கியர் பாக்ஸ் ஒரு கட்டைக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. அதன்மேல் ஓடும் விரல் தடிமன் குழாய் கிழிந்தால் வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும்.

சில்லறைச் சாமான்களுக்கு முதல் பாதுகாப்பு

இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம். வெளியே நீட்டிய ஆறுமூலை டிரெயின் போல்ட்டுக்குப் பதில், அதே மரை அளவில் உள்ளே சாவி போடும், தலை தட்டையான ஆலன் போல்ட் கிடைத்தால் மாற்றிவிடுங்கள். தலை அதிகம் நீட்டாததால் கட்டைக்குப் பிடி குறையும். மாற்றும்போது புதுச் செம்பு வாஷர் போடுங்கள்.

ஹோஸ்களை உடலோடு ஒட்டி, மேலே தூக்கிக் கட்ட வேண்டும். தொங்கும் வளைவு இருந்தால் முள்கிளை அதற்குள் நுழைந்து இழுத்துவிடும். பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி ஹோஸைச் சுற்றி உறைபோலக் கட்டினால் முள்ளின் முதல் குத்தை அது வாங்கிக்கொள்ளும். பவர் ஸ்டியரிங் ஹோஸைக் கட்டும்போது ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடித்து, ஹோஸ் விறைக்கிறதா என்று பார்த்த பிறகே முடிச்சை இறுக்குங்கள். ஒயர்களை ரப்பர் குழாய்க்குள் விட்டு மேலே ஏற்றிவிடலாம். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னுக்குப் போகும் ஷாஃப்டின் மேல் ஒரு குழாய் மூடி இருக்கும். மெக்கானிக் கழற்றிய பிறகு அதைத் திரும்ப மாட்டாமல் விட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

முன் ஆக்சிலுக்குப் பின்னால் ஒரு ரப்பர் திரை தொங்கவிடுவது நல்லது. கல் கிரஷரில் கழிக்கும் கன்வேயர் பெல்ட் துண்டு இதற்கு அருமையாகப் பொருந்தும். தரைக்கு அரை அடி மேலே நிற்கும்படி அறுத்து, நான்கைந்து கீற்றுகளாகப் பிளந்து விடுங்கள். நிமிர்ந்து எழும் முள்கிளையை அது கீழே அமுக்கும்.

இனி தகடு

தகட்டுக்கு 6 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் சரியான கனம். 3 மில்லிமீட்டர் தகடு கட்டையில் மோதினால் வளைந்து சம்ப்பையே போய் இடிக்கும். 10 மில்லிமீட்டருக்குப் போனால் தேவையில்லாத பாரம். எடையைக் கடைக்குப் போகுமுன் நீங்களே கணக்கிடலாம்: மில்லிமீட்டர் கனத்தை 7.85-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 6 மில்லிமீட்டருக்கு 47 கிலோ. இரண்டடிக்கு மூன்றடி துண்டு சுமார் 26 கிலோ.

வெட்டும் முன் கெட்டி அட்டையில் மாதிரி எடுங்கள். அட்டையை அடியில் பிடித்து, எங்கே வளைக்க வேண்டும், எங்கே துளை வேண்டும் என்று வரைந்து அதைப் பட்டறைக்குக் கொடுத்தால், தகடு வீணாகாது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். விவசாய டிராக்டருக்கு லாரிபோலத் தனிச் சட்டம் பெரும்பாலும் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்து, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. அந்த வார்ப்பிரும்பு உடலில் தகட்டை நேரடியாக வெல்டிங் அடிக்கவே கூடாது. சூடு ஏறி ஆறும்போது பற்றுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். புதுத் துளை போட்டாலும் பலவீனம்தான். கம்பெனியே போட்டுவிட்ட மரைத் துளைகள் முன் ஆக்சில் பிராக்கெட்டின் பக்கவாட்டிலும் கிளட்ச் ஹவுசிங் ஓரத்திலும் இருக்கும். லோடர், டோசர் மாட்டுவதற்காக விட்டவை. அவற்றில் ஆங்கிள் பிராக்கெட் போட்டு, தகட்டை அந்த ஆங்கிளில் தொங்கவிடுங்கள். வெல்டிங் எல்லாம் வண்டிக்கு வெளியே, தரையில் வைத்து முடித்துவிட வேண்டும்.

தகட்டின் முன்விளிம்பை நான்கு அங்குலம் அளவுக்கு மேல்நோக்கிச் சரிவாக வளையுங்கள். பின்விளிம்பையும் கொஞ்சம் மேலே வளைக்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது கட்டை அந்த விளிம்பில் மாட்டித் தகட்டை உரித்துவிடும் என்பதைப் பட்டறைக்காரர் நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு துண்டாகச் செய்தால், முன்தகட்டின் வால் பின்தகட்டின் தலைக்குக் கீழே வரவேண்டும். சம்ப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் தகடு வாங்கும் அடி அப்படியே சம்ப்புக்குப் போகும்.

முன் ஆக்சில் நடு பின்னில் தொட்டில்போல ஆடக்கூடியது. அதனால் தகட்டை மாட்டிப் பார்த்ததும் ஒரு பக்க முன்சக்கரத்தை ஜாக்கி வைத்து, ஆக்சில் தன் தடுப்பில் போய் முட்டும்வரை தூக்குங்கள். பிறகு மறுபக்கம். அந்த நிலையில் ஸ்டியரிங்கையும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். எந்த இடத்திலும் தகட்டுக்கும் ஆக்சில், டை ராடுக்கும் இடையே இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்டியைக் காட்டில் இறக்காதீர்கள்.

12 மில்லிமீட்டர், 8.8 கிரேடு போல்ட்டும் நைலாக் நட்டும் போடுங்கள். கீழே தெரியும் போல்ட் தலைகளைக் கட்டை சீவிவிடும். அதைத் தடுக்க, போல்ட் வரிசைக்குப் பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு ஃபிளாட் பட்டைகளைத் தகட்டின் அடியில் வெல்டிங் அடித்துவிடலாம். அடி வாங்குவது பட்டையாக இருக்கும். தகடும் விறைப்பாக நிற்கும்.

டிரெயின் போல்ட்டுக்கு நேரே ஸ்பேனர் தாராளமாக நுழையும் துளை வேண்டும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். உள்ளே ஆயில் சீல் கசிந்தால் அங்கேதான் சொட்டும். அதைத் தகட்டால் மறைக்காதீர்கள். பக்கவாட்டை முழுக்க மூடவும் வேண்டாம். தகட்டின்மேல் சருகும் வைக்கோலும் சேர்ந்து, அதில் ஆயில் ஊறி, இன்ஜின் சூடும் பட்டால் தீப்பிடிக்கும். பின்பாதியில் சேறு வடிய நீளத் துளைகள் விட்டு, தினமும் வேலை முடிந்ததும் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மாட்டிய முதல் நாள் சாயங்காலமே எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்குங்கள்.

தரை இடைவெளியைக் கூட்டுகிறேன் என்று பெரிய டயருக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி உயர்ந்தால் கவிழும் ஆபத்தும் உயரும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் டயரை மட்டுமோ பின் டயரை மட்டுமோ அளவு மாற்றினால் இரண்டின் சுற்று விகிதம் கெட்டு முன் கியர்கள் தேயும்.

ஓட்டும் முறை

தகடு இருக்கிறதே என்று கட்டைமேல் ஏற்றாதீர்கள். இடைவெளி 38 சென்டிமீட்டர் என்று வையுங்கள். உழுத மண்ணில் சக்கரம் 8 முதல் 10 சென்டிமீட்டர் புதையும். குழியில் இறங்கும்போது வண்டி இன்னும் தாழும். ஆகவே 15 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும் எதையும் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விட்டுக் கடக்க வேண்டாம், சுற்றிப் போங்கள். முதல் உழவு முழுவதும் லோ கியரில், நடக்கும் வேகத்தில் போகட்டும். முதல் ஓட்டத்துக்கு ரோட்டவேட்டர் வேண்டாம். ஸ்பிரிங் வைத்த கொத்துக் கலப்பை கட்டையில் பட்டால் பின்வாங்கிக் கொடுக்கும், புதைந்த வேரையும் கல்லையும் காட்டிக் கொடுக்கும். இரண்டாவது ஆள் ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நடந்து வந்து, தட்டுப்பட்ட இடத்தில் குச்சி ஊன்றட்டும்.

அடிபட்டால்

அடியில் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள்; ரிவர்ஸ் எடுத்துப் பார்க்காதீர்கள். குத்தியிருக்கும் கட்டை பின்னால் வரும்போது இன்னும் கிழிக்கும். இன்ஜினை அணைத்து, இறங்கிப் பார்த்து, கட்டையை அறுத்தெடுத்த பிறகு நகர்த்துங்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் வரப்புவரைகூட ஓட்டக் கூடாது. ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள். ஊசித்துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலுக்குள்ளேயே ஏறிவிடும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

டீசல் டேங்கில் மெல்லிய கசிவு என்றால் துணி சோப்பை அழுத்தித் தேய்த்து வீடுவரை வந்துவிடலாம். வார்ப்பிரும்பு சம்ப்பில் விரிசல் என்றால் எம்-சீல் பூசி ஓட்டுவது வேண்டாம். அதைச் சூடேற்றி, அதற்குரிய ராடு வைத்து அடிக்கத் தெரிந்த பட்டறை குறைவு. புதிதாக மாற்றுவதே மேல். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் அன்றிரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறை இருந்தால், அது எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று பார்த்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவையும் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.