முருங்கைப் பொடி கொட்டகையைக் குளிர்விக்காது

நம்பிக்கை: தீவனத்தில் முருங்கை இலைப் பொடியோ இஞ்சியோ கலந்தால் முயலை வெயில் தாக்காது.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வெப்பம் தாக்கிய முயலின் உடலில் செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. முருங்கை, இஞ்சி, மஞ்சளில் உள்ள பாலிஃபீனால்கள் அவற்றைத் தணிக்கும். எகிப்து போன்ற வெப்ப நாடுகளில் நடந்த சோதனைகளில் இவற்றைத் தின்ற முயல்கள், தின்னாதவற்றைவிட நன்றாக வளர்ந்ததும் உண்டு. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்ட இரண்டு கூட்டமும் ஒரே வெயிலில் நின்றவை. நிழலிலும் காற்றிலும் வளர்ந்த முயலுக்கு அவை ஈடாகிவிட்டன என்று அதற்குப் பொருள் இல்லை. பொடி சேதத்தைக் குறைக்கும். உடலில் ஏறிய சூட்டை வெளியே அனுப்பாது.

அதை அனுப்ப முயலுக்கு இருக்கும் வழிகளும் குறைவு. வியர்வைச் சுரப்பிகள் அநேகமாக இல்லை. காதும் மூச்சும்தான் கதி. ஏறக்குறைய 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். 30ஐத் தாண்டினால் திணறும். 35க்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம். ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்த்துத் தரும் மத்திய ஆராய்ச்சி மையம் கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் இருக்கிறது. அந்தக் குளிருக்குப் பழகிய இனத்தைச் செட்டிநாட்டுச் சமவெளியில் உள்ள கீழச்சிவல்பட்டியின் மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் அடைத்துவிட்டுப் பொடியை நம்புவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். இதே ஊரில் செட்டிநாட்டு வீடு கட்டியவர்கள் உயர்ந்த கூரை, தடித்த சுவர், திறந்த முற்றம் என்று வெயிலைக் கட்டடத்தாலேயே சமாளித்தார்கள். கொட்டகைக்கும் அதுதான் வழி. கூரையை உயர்த்துங்கள், தகரத்தின் மேல் தென்னங்கீற்று போடுங்கள், பக்கச் சுவரை எழுப்பாமல் வலை அடியுங்கள். ஈரச் சாக்கு தொங்கவிடுவதும் காற்று ஓடினால்தான் பலிக்கும். காற்றில்லாத இடத்தில் புழுக்கத்தைக் கூட்டும்.

நம்பிக்கை: பசுந்தழை தின்னும் முயலுக்குத் தண்ணீர் வேண்டாம், குடித்தால் கழியும்.

முழுப் பொய், உயிரைப் பறிக்கும் பொய். கழிச்சலுக்குத் திடீர்த் தீவன மாற்றம், அழுகிய தழை, கிருமி என்று வேறு காரணங்கள் உண்டு. வெயிலில் முயல் தின்பதைக் குறைத்துக் குடிப்பதைக் கூட்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் சுடுநீர் அதற்கு உதவாது. நிழலில் வைத்த நீர் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். செரிமானமும் உடலில் சூடு உண்டாக்கும் என்பதால் அடர்தீவனத்தைப் பொழுது சாய்ந்தபின் வையுங்கள்.

நம்பிக்கை: மூலிகைதானே, அளவு எதற்கு?

வெங்காயமும் பூண்டும் முயலின் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. சூபாபுல் இலையை அள்ளிப் போட்டால் அதிலுள்ள மைமோசின் முடியை உதிர்க்கும். முருங்கையும் தீவனத்தில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்க வேண்டும். அளவைக் கால்நடை மருத்துவரிடமோ குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தொடங்குங்கள். வைட்டமின் சி-க்காக நெல்லிக்காய் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: முயல் அதைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்ளும்.

நம்பிக்கை: ஆடியில் சினை பிடிக்கவில்லை என்றால் ஆண் முயல் மலடு.

பல நல்ல கிடாக்கள் இப்படித்தான் கறிக்குப் போகின்றன. விந்தணு உருவாகி முதிர ஆறேழு வாரம் ஆகும். மே வெயிலில் கெட்டதன் விளைவு ஜூலையில் தெரிகிறது. வெயில் தணிந்து இரண்டு மாதம் குளிர்ந்த இடத்தில் வைத்து, மறுபடி இணை சேர்த்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.